வேலங்கொல்லையில் வளைந்த கோடு

வெண்மதியின் தோள்பையில் சாப்பாட்டு டப்பாவுக்கும் குடைக்கும் நடுவில் எப்போதும் ஒரு ஜி.பி.எஸ். கருவி இருக்கும். பழைய செல்போனைத் தண்ணீரில் ஊறப்போட்டு உப்பவைத்தது போன்ற தோற்றம். மஞ்சளும் கறுப்புமான ரப்பர் உடம்பு, தீப்பெட்டி அளவுக்குத் திரை, பக்கவாட்டில் சில பொத்தான்கள், தலையில் கட்டைவிரல் போல ஓர் ஆன்டெனா. செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஆதிநாராயணனின் ஜெராக்ஸ் கடையில் அவள் வேலை பார்க்கிறாள். அந்தக் கருவிக்கு அவர் வைத்த பெயர் வாக்கிடாக்கி.

“இன்னாம்மா, வாக்கிடாக்கி இன்னா சொல்லுது? ஸ்டேஷன்லேர்ந்து தகவல் ஏதாச்சும் வந்துச்சா?” என்பார், கடைக்குள் நுழையும்போதே.

“கோட்டைக்கு எதிரி வர்றானாம் ஓனர். ஷட்டர இறக்கிடவா?” என்பாள் வெண்மதி.

யாராவது ஒன்று சொன்னால் பதிலுக்கு ஒன்று சொல்லாமல் விடுகிற பெண் இல்லை அவள். கல்லூரியில் புவியியல் படித்தவள். படிப்பு முடிந்ததும் ஏரிகளைக் கணக்கெடுக்கும் ஒரு தற்காலிக வேலையில் சேர்ந்து, இந்தச் சுற்றுவட்டாரத்தில் உள்ள ஏரிக்கரைகளில் எல்லாம் ஒரு வருடம் நடந்தாள். எந்த ஏரிக்கு எங்கே மதகு இருக்கிறது, எந்தக் கால்வாய் தூர்ந்துவிட்டது என்று குறித்துக்கொண்டு வருவதுதான் வேலை. அதற்காகக் கொடுக்கப்பட்டதுதான் அந்தக் கருவி. வேலை முடிந்தபோது புதிய கருவிகள் வந்துவிட்டதால், “இத தூக்கிக்கிட்டு அதிகமா நடந்தது நீதான், நீயே வச்சுக்கோம்மா” என்று அதிகாரி அவளிடமே விட்டுவிட்டார்.

“மேப்புதான் போன்லயே இருக்குதே, இந்த டப்பா எதுக்கு?” என்று கேட்காதவர்கள் கிடையாது. வெண்மதிக்கு அந்தக் கேள்வி அலுத்ததே இல்லை. போன் ரோட்டைக் காட்டும். வரப்பையும் ஏரிக்கரையையும் பாறை இடுக்கையும் காட்டாது. செஞ்சியைச் சுற்றி இருக்கும் பாறைக் குன்றுகளுக்குப் பின்னால் போனால் பல இடங்களில் டவரே கிடைக்காது. இந்தக் கருவிக்கு டவர் வேண்டாம், வானம் தெரிந்தால் போதும். வெட்டவெளியில் சற்று நேரம் பொறுமையாக நின்றால், மேலே சுற்றிக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள்களைத் தேடிப் பிடித்து, நீ நிற்கும் இடம் இதுதான் என்று சொல்லிவிடும். பிறகு நடக்க நடக்க நம் பின்னாலேயே புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு வரும். அந்தப் புள்ளிகள் சேர்ந்து ஒரு கோடாகும். அதற்குப் பெயர் தடம். ஒருமுறை தடம் பதிந்துவிட்டால், அந்த ஊரையே பார்க்காதவர்கூடக் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு அதே வழியில் போகலாம். இரண்டு பென்சில் பேட்டரி போட்டால் நாள் முழுவதும் தாங்கும். கீழே விழுந்தாலும் உடையாது.

“அப்ப இத வச்சு இன்னா சம்பாதிக்கப் போற?” என்பது ஆதிநாராயணனின் அடுத்த கேள்வி.

அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. கோட்டையைப் பார்க்க எவ்வளவோ பேர் வருகிறார்கள். ராஜகிரிக் குன்றில் ஏறுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குள் காரில் ஏறிப் போய்விடுகிறார்கள். கோட்டையைத் தாண்டி இருக்கும் வயலையும் ஏரியையும் குன்றையும் நடந்து பார்க்க யாருக்கும் வழி தெரியாது. வழி தெரிந்தவள் ஒருத்தி இருந்தால் வருவார்கள். பட்டா நகல் எடுத்துக் கொடுப்பதை விட்டுவிட்டு, நடப்பதையே தன் தொழிலாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது வெண்மதியின் ஆசை.

அந்த ஆசைக்கு முதல் வாசலைத் திறந்தது ஆதிநாராயணனின் மகள் பிரவீணாதான். வெண்மதியோடு கல்லூரியில் ஒன்றாகப் படித்தவள். இப்போது சென்னையில் வேலை. அங்கே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்காவது கிராமப்புறத்துக்குப் போய் நடந்துவிட்டு வரும் ஒரு குழுவில் அவள் இருந்தாள்.

“தை மாசம் உன் வழிய எங்களுக்குக் காட்டுடி. புடிச்சிருந்தா சீசன் முழுக்க வருவோம். எங்களப் பாத்து இன்னும் நாலு குரூப் வரும். புடிக்கலன்னா அவ்ளோதான், நான் சிபாரிசு பண்ணேன்னு ஒண்ணும் ஆகாது” என்று நேராகவே சொல்லியிருந்தாள்.

வெண்மதிக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. மார்கழிக் காலைகளில் கிளம்பிப் போய் வழியைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு குன்றின் நிழலில் தொடங்கி, ஏரிக்கரை மேலேயே நடந்து, நெல் வயல்களின் நடுவே வேலங்கொல்லை என்னும் சிற்றூரைக் கடந்து, தார்ச்சாலையைத் தாண்டி, மாந்தோப்பு வழியாகப் போய்த் தளவானூர்க் குகைக்கோயிலில் முடியும் வழி அது. வேலங்கொல்லையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. அவள் பிறந்து வளர்ந்தது அந்த ஊர்க் காலனியில்தான். பத்தாம் வகுப்பு முடித்த பிறகுதான் குடும்பம் செஞ்சிக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டுகூட அங்கே நடப்பாள்.

பொங்கலுக்கு வந்திருந்த பிரவீணா, கடைக் கணினியில் அந்தத் தடத்தை விரித்துப் பார்த்தாள். பின்னணியில் வானத்திலிருந்து எடுத்த படம், அதன்மேல் வெண்மதி நடந்த கோடு சிவப்பாக.

“சூப்பரா இருக்குதுடி. ஏரிக்கரை மேலயே எவ்ளோ தூரம் வருது பாரேன்” என்று சொல்லிக்கொண்டே வந்தவள், வேலங்கொல்லையில் நிறுத்தினாள். “இது இன்னாடி? இங்க ஏன் வளைஞ்சு போவுது?”

வெண்மதி குனிந்து பார்த்தாள். அதுவரை நேராக வந்த கோடு, காலனி முடியும் பம்புசெட் கொட்டகையில் சட்டென்று இடப்பக்கம் திரும்பி, ஊரின் முதுகைச் சுற்றிக்கொண்டு போய், வெகுதூரம் தள்ளித் தார்ச்சாலையில் ஏறியிருந்தது. படத்தில் பார்த்தால் கொட்டகையிலிருந்து தார்ச்சாலைக்கு நேராக வெள்ளையாக ஒரு தெரு ஓடுகிறது. சிமெண்டுத் தெரு. அதன்மேல் கோடு ஏறவே இல்லை.

“சிக்னல் ஆடியிருக்கும். பாறை பக்கம் போனா சேட்டிலைட் குழம்பும்” என்றாள் வெண்மதி.

“இங்க ஏதுடி பாறை? சுத்தி வயல்தானே?”

வெண்மதி படத்தை மூடினாள். “மறுபடி போய்ப் பதிஞ்சு எடுத்துக்கிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டாள்.

மறுநாளே போனாள். காலனி வழியாக வந்தாள். பம்புசெட் கொட்டகையருகே நின்று, கருவி வானத்தைப் பிடித்துக்கொள்ளும்வரை காத்திருந்தாள். திரையைப் பார்த்துக்கொண்டே நடக்கத் தொடங்கினாள். சற்று நேரத்தில் கால்வாய்த் தண்ணீரின் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் கால்வாய்க்கரையில் நின்றுகொண்டிருக்கிறாள். எதிரே கொக்குகள். திரையில் கோடு இடப்பக்கம் திரும்பியிருந்தது.

திருப்பியது கருவி இல்லை, தன் கால்தான் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

அங்கேயே நின்று யோசித்துப் பார்த்தாள். பள்ளிக்கூடம் போனது இந்தக் கரையில். பேருந்துக்கு ஓடியது இந்தக் கரையில். மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து யூனிபார்ம் சேறானதும் இங்கேதான். கொட்டகை வந்ததும் அம்மா அமிர்தவல்லி அவள் கையைப் பிடித்து இடப்பக்கம் இழுப்பாள். ஏன் என்று இவள் கேட்டதில்லை. வலப்பக்கம் சோற்றுக்கை என்பது போல அதுவும் ஒன்று. நேரே போனால் ஊர்த்தெரு. அந்தத் தெருவில் ஒருநாள்கூட அவள் நடந்தது கிடையாது.

அன்று சாயங்காலம் அப்பா காமராஜ் பணிமனையிலிருந்து வந்து கைகழுவிக்கொண்டிருந்தார். பேருந்து மெக்கானிக். விரல் நகங்களில் எப்போதும் கிரீஸ் இருக்கும்.

“நைனா, நம்ம ஊர்ல நாம ஏன் கால்வா மேல நடக்கறோம்?”

சோப்பைக் கையில் வைத்தபடியே அவர் திரும்பிப் பார்த்தார். “இன்னா திடீர்னு?”

“சொல்லு நைனா.”

“அது அப்படித்தான். அந்தக் காலத்துல ஊர்த்தெருவுல நம்மள விடமாட்டாங்க. அதனால சுத்திப் போனாங்க. அப்படியே பழகிடுச்சு.”

“இப்பவும் விடமாட்டாங்களா?”

“சேச்சே, இப்பல்லாம் யாரும் தடுக்கறதில்ல. நம்ம பசங்க பைக்ல சர்ருனு போறானுங்களே.”

“நடந்து யாராச்சும் போறாங்களா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “இல்ல.”

“அப்புறம் தடுக்கமாட்டாங்கன்னு எப்படித் தெரியும்?”

அமிர்தவல்லி அடுப்படியிலிருந்து சிரித்தாள். “வாக்கிடாக்கி கேக்குது, பதில் சொல்லுய்யா.”

காமராஜ் சிரிக்கவில்லை. நெடுநேரம் விரல்களைத் தேய்த்துக் கழுவினார். பிறகு சொன்னார்: “எங்க நைனா ஒரு சைக்கிள் வச்சிருந்தாரு. எனக்கு ஜுரம்னா அதுல உக்கார வச்சு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கிட்டுப் போவாரு. ஆஸ்பத்திரி அவசரத்துக்கு மட்டும் அந்தத் தெரு வழியா விடுவாங்க. ஆனா தெருமுனை வந்துச்சுன்னா இறங்கிடுவாரு. தெரு முடியற வரைக்கும் தள்ளிக்கிட்டுதான் போவாரு. நான் மேல உக்காந்திருப்பேன். ‘ஏன் நைனா இறங்கிட்ட’ன்னு ஒரு தபா கேட்டேன். டயர்ல காத்து இல்லன்னாரு.”

துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். “நீ பேசாம கால்வா வழியே வச்சுக்கோம்மா. கொக்கு இருக்குது, தண்ணி ஓடுது. மெட்ராஸ்காரங்களுக்கு அதுதான் புடிக்கும். அவங்க முன்னாடி எவனாச்சும் ஒரு வார்த்த சொல்லிட்டான்னா உன் வேலதான் கெடும்.”

அதில் நியாயம் இருந்தது. கால்வாய் அழகான வழிதான். வருகிறவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியப்போவதில்லை. ஆனால் வெண்மதி பதிகிற தடம் இனி அவளுடையது மட்டும் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு எங்கிருந்தோ யார் யாரோ வருவார்கள். தன் கால் பயந்து திரும்பிய இடத்தில் அவர்களும் திரும்புவார்கள், ஏனென்று தெரியாமலே. பதிகிற கோடு சரியாக இருக்க வேண்டும் என்பதை ஏரி வேலையில் அவள் கற்றிருந்தாள். இந்தக் கோடு சரியில்லை.

“நான் நேராவே போறேன் நைனா” என்றாள்.

முதலில் தனியாகத்தான் போனாள். குழு வருவதற்கு முந்தைய வாரம், நல்ல வெயில் நேரம். பம்புசெட் கொட்டகையில் நின்று, கால்களைப் பார்த்துக்கொண்டே, இடப்பக்கம் இழுத்தவற்றை நேராக வைத்தாள்.

தெருவின் ஒரு பாதி முழுக்க நெல் காயப்போட்டிருந்தது. அறுவடைக் காலத்தில் எல்லா ஊர்களிலும் சிமெண்டுத் தெருதான் களம். ஐம்பது வயது தாண்டிய ஒரு அம்மாள் நெல்லைப் பலகையால் தள்ளிக் கிளறிக்கொண்டிருந்தாள். எதிரே டிராக்டரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அவளுடைய தம்பி. பெயர்கள் ரத்தினம்மாள், கோவிந்தசாமி என்பது அவர்கள் பேச்சிலிருந்தே வெண்மதிக்குத் தெரிந்தது.

“யாரும்மா நீ? யார் வீட்டுக்குப் போற?” என்றாள் ரத்தினம்மாள்.

“யார் வீட்டுக்கும் போகலக்கா. ரோட்டுக்குப் போறேன்.”

“எந்த ஊரு?”

“இந்த ஊருதான். காலனி. காமராஜ் பொண்ணு.”

பலகை நின்றது. கோவிந்தசாமி துணியை டிராக்டர் மேல் போட்டுவிட்டு முன்னால் வந்தார். “காலனியா? உங்க ஆளுங்க கால்வா பக்கமாத்தானே போவாங்க?”

“ஆமாண்ணா. நானும் இவ்ளோ நாளா அப்படித்தான் போனேன்.”

“இப்ப மட்டும் இன்னாவாம்?”

“இது நேர் வழிண்ணா.”

காலனிப் பெண் வாயில் அண்ணா என்ற சொல் அவருக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கையைப் பார்த்தார். “அது இன்னா கையில? நிலத்த அளக்கறியா? யார் சொல்லி அளக்கற?”

“எந்த நிலத்தையும் அளக்கலண்ணா. நான் நடக்கற வழிய மட்டும் இது பதிஞ்சுக்கும். அடுத்த ஞாயித்துக்கிழம மெட்ராஸ்லேர்ந்து கொஞ்சம் பேர் வர்றாங்க. தளவானூர் கோயிலுக்கு நடந்து போறாங்க.”

“இந்தத் தெரு வழியாவா?”

“இந்தத் தெரு வழியாத்தான்.”

கோவிந்தசாமி அக்காவைத் திரும்பிப் பார்த்தார். எங்கோ ஒரு வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் ரத்தினம்மாள்தான் வாயைத் திறந்தாள். “நெல்லு மேல ஏறாம போ.”

“ஏறமாட்டேன்க்கா” என்று சொல்லிவிட்டு வெண்மதி நடந்தாள். வேகமாக நடக்கவில்லை. முதுகில் எத்தனை கண்கள் என்று எண்ணவும் இல்லை. தார்ச்சாலையில் பேருந்து நிறுத்தம் வந்ததும் கருவியைப் பார்த்தாள். கொட்டகையிலிருந்து அவள் நிற்கும் இடம்வரை ஒரு நேர்கோடு. சின்ன வயதில் சுற்றிச் சுற்றி ஓடிப் பேருந்தைத் தவறவிட்ட நாட்கள் நினைவுக்கு வந்தன. இவ்வளவு பக்கமாகவா இருந்தது என்று அவளுக்கு ஆச்சரியமாகவும் கோபமாகவும் இருந்தது. நிறுத்தத்தில் உட்கார்ந்து, வளைந்த கோட்டைக் கருவியிலிருந்து அழித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை குழு வந்து இறங்கியது. பிரவீணாவோடு பத்துப் பன்னிரண்டு பேர். தொப்பி, கூலிங்கிளாஸ், முதுகில் பை. வெண்மதி கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். பாறைச்சந்தில் யாரும் வழுக்கவில்லை. ஏரிக்கரையில் நாமக்கோழிகளைப் பார்த்துக் குழந்தைகள் போலக் குதித்தார்கள். பனி முழுக்க விலகாத வயலைப் பார்த்துப் பிரவீணா, “மதி, ஃபுல் மார்க்டி” என்று காதில் சொன்னாள். அவளிடம் வெண்மதி எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருந்தாள். கேட்டதும், “நான் அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுல்ல?” என்று பிரவீணா வருத்தப்பட்டாள். “நீ கேக்கலன்னா நான் பாத்திருக்கவே மாட்டேன்” என்று வெண்மதி சொல்லிவிட்டாள்.

காலனியைக் கடந்தார்கள். கொட்டகை வந்தது. வெண்மதி நேராக நடந்தாள், மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

தெருவின் நடுவே, நெல் காயாத பாதியை அடைத்துக்கொண்டு, கோவிந்தசாமியின் டிராக்டர் குறுக்கே நின்றது. பின்னால் இழுவைப் பெட்டியும் மாட்டியிருந்தது. டிராக்டரின் மூக்கு ஒரு சந்தின் வாயில், பெட்டியின் பின்புறம் நெல்லைத் தொட்டபடி. ஒருவர்கூட நுழைய முடியாது. நுழைய வேண்டுமானால் நெல்லை மிதிக்க வேண்டும்.

கோவிந்தசாமி எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

“அண்ணா, டிராக்டர கொஞ்சம் ஒதுக்கறீங்களா? போய்டறோம்.”

“ரிப்பேரு.”

“ஸ்டார்ட் ஆகலியா?”

“சாவி இல்ல.”

“ரிப்பேரா, சாவி இல்லியா?”

“ரெண்டுந்தான்” என்றார் கோவிந்தசாமி.

குழுவில் ஒன்றிரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவர்களுக்கு இது கிராமத்து வேடிக்கை. பிரவீணாவுக்கு மட்டும் முகம் மாறிவிட்டது. வெண்மதியை ஓரமாக இழுத்தாள். “மதி, கால்வாய்ப் பக்கமா போய்டலாம்டி. இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. வாக் நல்லா போய்க்கிட்டு இருக்குது, கெடுத்துக்காத.”

“அந்தக் கோட்ட அழிச்சுட்டேன்.”

“விளையாடாத. உனக்கு வழி தெரியாதா?”

“தெரியும். அதனாலதான் போகமாட்டேன்.” வெண்மதி குழுவின் பக்கம் திரும்பினாள். “நாம போற வழி இதுதாங்க. அண்ணன் வண்டிய எடுக்கற வரைக்கும் இங்கயே கொஞ்ச நேரம் உக்காரலாம். டிபன் சாப்பிடறவங்க சாப்பிடலாம். நெல்லு மேல மட்டும் யாரும் கால் வைக்காதீங்க.”

அவர்கள் மறுப்பு சொல்லவில்லை. நடந்த களைப்பு வேறு. நெல்லின் விளிம்பு நெடுக வரிசையாக உட்கார்ந்து பொட்டலங்களைப் பிரித்தார்கள். இட்லியும் எலுமிச்சைச் சோறும் மணத்தன. தொப்பி போட்ட ஒரு பெரியவர் ஒரு நெல்மணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் பலகையோடு நின்ற ரத்தினம்மாளிடம், “அம்மா, இது என்ன ரகம்?” என்று கேட்டார்.

“சாப்பிடற ரகம். கீழ போடு.”

ஒரு பெண் காயும் நெல்லைப் படமெடுக்கக் குனிந்தாள். இன்னொருத்தி பலகையைத் தானும் தள்ளிப் பார்க்கலாமா என்று கேட்டாள். ஒரு இளைஞன் சட்னிப் பாக்கெட்டை நெல்லுக்கு மேலாகவே இன்னொருவனுக்கு நீட்டினான். ரத்தினம்மாளின் கண் அந்தப் பாக்கெட்டோடு போய் அதோடு திரும்பி வந்தது. அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

“டேய் கோவிந்தா!” தெரு முழுக்கக் கேட்டது அந்தக் குரல். “இன்னாடா பண்ணிக்கிட்டு இருக்கிற? காயவச்ச நெல்லுல பந்தி போட்டுக்கிட்டு இருக்குறாங்க, நீ பல்லு குத்திக்கிட்டு உக்காந்திருக்கிற! எடுடா வண்டிய!”

“சாவி காணம்க்கா.”

“காணமா? உன் இடுப்புல தொங்கறது இன்னாடா, அரைஞாண் கயிறா?”

எல்லாரும் கோவிந்தசாமியின் இடுப்பைப் பார்த்தார்கள். சாவி அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். கோவிந்தசாமி எழுந்தார். யாரையும் பார்க்காமல் டிராக்டரில் ஏறினார். ரிப்பேரான டிராக்டர் சாவியைத் திருப்பியதுமே கிளம்பியது. புகையைக் கக்கிக்கொண்டு முன்னால் போய்ச் சந்துக்குள் ஒதுங்கியது.

வழி திறந்தது. தெருவின் மறுமுனைவரை பார்வை ஓடியது. அங்கே, தார்ச்சாலை சேரும் இடத்தில், காமராஜ் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மொபெட், பின்னால் கட்டிய தண்ணீர் கேன்கள். பேருந்து நிறுத்தத்தில் தண்ணீரோடு காத்திருப்பதாகத்தான் ஏற்பாடு. டிராக்டர் சத்தமும் ரத்தினம்மாளின் சத்தமும் அவரைத் தெருமுனைவரை இழுத்துவந்திருந்தன. அதற்குமேல் அவர் வரவில்லை.

வெண்மதி கையைத் தூக்கி ஆட்டினாள். “நைனா! தண்ணிய இங்கயே எடுத்துக்கிட்டு வா! எல்லாருக்கும் விக்கல் எடுக்குது!”

காமராஜ் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு மொபெட்டின் ஸ்டாண்டை எடுத்தார். கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு தெருவுக்குள் வந்தார். கேன்களின் கனத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வியர்வை வழிய, தலையைக் குனிந்தபடி தள்ளினார். குழுவினருக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. வெண்மதிக்குத் தோன்றியது. அவள் அவரை நோக்கி ஓடவில்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்டாள், எல்லாருக்கும் கேட்கும்படியாக.

“பெட்ரோல் இல்லியா நைனா?”

அவர் நின்றார். “இருக்குது.”

“டயர்ல காத்து?”

காமராஜ் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அவர் உதட்டோரம் மெல்ல மெல்ல விரிந்தது. “அதுவும் இருக்குது” என்றார்.

“அப்ப ஏறிக்கிட்டு வா.”

ஏறினார். வாழ்நாள் முழுக்க எஞ்சின்களோடு கிடந்தவர், அன்று ஸ்டார்ட் செய்யத் தடுமாறினார். வண்டி உறுமியது. நடப்பதைவிட மெதுவாக, தெருவின் நடுவில், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு வந்தார். ரத்தினம்மாள் பலகையோடு ஒதுங்கி நின்றாள். வழியில் யாருமே இல்லை. ஆனாலும் காமராஜ் ஹாரன் அடித்தார்.

தளவானூர்க் குகையின் நிழலில் எல்லாரும் காலை நீட்டி உட்கார்ந்தபோது, அடுத்த மாதம் எந்த ஞாயிறு என்பதைப் பற்றித்தான் குழுவில் பேச்சு. கால்வாயைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நடந்த வழியில் எது பிடித்தது என்று பிரவீணா கேட்டதற்கு, பாதிப் பேர் ஏரிக்கரை என்றார்கள், மீதிப் பேர் சாவி தொலைத்த டிராக்டர்காரர் என்றார்கள்.

வெண்மதி இப்போது ஜெராக்ஸ் கடைக்கு வாரத்தில் பாதி நாள்தான் போகிறாள். மீதி நாட்களுக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார் ஆதிநாராயணன். “வாக்கிடாக்கி என் பொழப்பக் கெடுத்துடுச்சு” என்று வருகிறவர்களிடம் எல்லாம் புலம்புகிறார். புலம்பிவிட்டு, அவளுடைய நடைப் பயண அறிவிப்பை அவரே ஜெராக்ஸ் எடுத்துக் கடை வாசலில் ஒட்டியும் வைத்திருக்கிறார். மாசியிலும் குழு வந்தது. கோவிந்தசாமி இன்னும் அவளிடம் பேசுவதில்லை. ஆனால் டிராக்டர் சந்துக்குள்தான் நிற்கிறது. ரத்தினம்மாள், தெருவில் ஒரு மணி நெல்கூட இல்லாத நாளிலும், “நெல்லு மேல ஏறாம போங்க” என்கிறாள்.

தண்ணீர் கொண்டு வருவது இப்போதும் காமராஜ்தான். நடக்கிறவர்கள் கொட்டகையை நெருங்கும்போது தெருவின் அந்தக் கோடியிலிருந்து ஹாரன் சத்தம் கேட்கும். வெண்மதி கழுத்தில் தொங்கும் கருவியைப் பார்க்கமாட்டாள். தண்ணீர் தெருவின் நடுவில்தான் வந்துகொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.